பின்வரிசை முகத்துக்கு எத்தனை புள்ளி

பெருசு பண்ணலாமுங்க. முடியாதுன்னு நான் சொல்லவே இல்லையே. முதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. இப்பப் போனைக் குடுங்க, பாக்கலாம். ம். இதுல உங்க மாமனாரு எங்கிருக்கறாரு? இந்தக் கோடியிலயா? அட, குடை பிடிச்சவருக்குப் பின்னால தலை மட்டும் தெரியுதே, அவருங்களா? இவரைத்தான் மாலை போட்டு நடு ஊட்டுல மாட்டோணுமா?

கோவிச்சுக்காதீங்க, சிரிப்பு வந்துருச்சு. தினமும் ஒருத்தராச்சும் இப்படித்தான் வர்றாங்க. உசுரோட இருக்கறப்ப ஒரு படம் எடுத்து வெக்க மாட்டாங்க. போன பொறவு, ஏதோ ஒரு கல்யாணத்துல கையலம்பப் போனப்ப ஓரத்துல விழுந்த தலையக் கொண்டாந்து, அண்ணா இதைப் பெருசு பண்ணிக் குடுங்கம்பாங்க. சினிமாவுல பாக்கறாங்களல்லங்க? போலீஸ்காரன் பட்டனைத் தட்டுனா மங்கலா இருக்கறது பளிச்சுனு ஆயிருது. எந்த ஊருக் கம்ப்யூட்டருங்க அது? எங்கிட்ட இருக்கறது வெள்ளக்கோயில் கம்ப்யூட்டரு. அதுக்கு இருக்கறதைக் காட்டத் தெரியும். இல்லாததைக் காட்டத் தெரியாது.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், இப்படிப் பாருங்க. கம்ப்யூட்டருக்குப் படம்னு ஒண்ணு கிடையாது. மூக்கு, முழி, உங்க மாமனாரு, முன்னால குடை, எதுவும் அதுக்குத் தெரியாது. எல்லாம் நெம்பருதான். சென்னிமலைப் பெட்ஷீட்டுல மயிலு போட்டிருப்பாங்களே, கிட்டக் கொண்டு போயிப் பாத்தா மயிலாத் தெரியும்? கட்டங்கட்டமா நூலுதான் தெரியும். அந்த மாதிரி இதுவும் படம் பூராம் பொடிப்பொடியாக் கட்டம் போட்டு வெச்சிருக்கும். புள்ளின்னும் சொல்லலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு நெம்பரு. சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, நீலம் எத்தனை. ஒவ்வொண்ணும் பூஜ்யத்துல ஆரம்பிச்சு எரநூத்தி அம்பத்தஞ்சுல முடியும். மூணும் பூஜ்யம்னா கருப்பு. மூணும் உச்சத்துல நின்னா வெள்ளை. அதுக்கு நடுவுலதான் நீங்க, நானு, லோகம் பூராம் இருக்குது. தாலித் தங்கத்துக்கு என்ன நெம்பருன்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க. எரநூத்திப் பன்னெண்டு, நூத்தி எழுவத்தஞ்சு, அம்பத்தஞ்சு. சும்மா இல்லீங்க, தலை நரைச்சது இந்தக் கடையிலதான்.

இதுல ஓரவஞ்சனையே கிடையாது, அதுதான் எனக்கு இந்தத் தொழில்ல புடிச்சது. பண்ணாடிக்கு ஒரு நெம்பரு, பண்ணையத்தாளுக்கு ஒரு நெம்பருன்னு அது பாக்காது. எத்தனை புள்ளியில வந்து நிக்கறீங்களோ அத்தனை நெம்பரு உங்களுக்கு. நடுவுல நின்னா லட்சக்கணக்குல கிடைக்கும். கோடியில நின்னா, இதோ பாருங்க, உங்க மாமனாரைப் பெருசு பண்ணிக் காட்டறேன். தெரியுதுங்களா? வெறுங்கட்டம். இது கண்ணா, மூக்கா, இல்லை பின்னால இருக்கற ஆளோட காதான்னு நீங்களே சொல்லுங்க.

பெருசு பண்றதுன்னா என்னுங்க? ரெண்டு புள்ளிக்கு நடுவுல புதுசாப் புள்ளி வரோணும். அதுக்கு நெம்பருக்கு எங்க போறது? இந்தப் பக்கம் நாப்பது, அந்தப் பக்கம் அறுவதுன்னா நடுவுல அம்பதுன்னு அதுவாப் போட்டுக்கும். அங்க ஒரு தழும்பு இருந்திருக்கலாம், ஒரு சிரிப்பு இருந்திருக்கலாம், அதெல்லாம் அதுக்குத் தெரியாது. சராசரி போட்டு நெரவி உட்டுரும். களிமண்ணுல மூஞ்சி புடிச்சு ஈரக்கையில தடவுன மாதிரி வரும்.

அதுக்கும் வழி இருக்குதுங்க. வேற ஆளுகிட்ட இருந்து நெம்பரை எடுத்து இதுல வெக்கோணும். உங்க மச்சானுக்கு அப்பன் ஜாடை இருக்குதுங்களா? இருந்தா நல்லதாப் போச்சு, அவரு படத்தைக் கொண்டாங்க. ஆனா ஒண்ணு, ஆரு கண்ணை எடுக்கறமோ அந்த ஆளுகிட்ட முன்னமே சொல்லிப் போடுங்க. அதுல நான் பட்டது போதும். ஒருத்தருக்கு அவங்கக்கா மூஞ்சி வேணும்னு ஆரம்பிச்சு, இன்னைக்கு வரைக்கும் அது என்ற தலையில விடியுது. பிரிண்டு மிஷினு சூடாக இன்னும் நேரமிருக்குது, கேளுங்க.

முத்தூர் ரோட்டுல லோகநாதன்னு ஒருத்தரு. எண்ணெய் மில்லு, தேங்காப்பருப்புக் காயவெக்கற களம், எல்லாம் உண்டு. பெரிய கை. அவரு கல்யாணம் நாந்தான் எடுத்தேன். கேமராவெல்லாம் ரோலு போயி கார்டுக்கு மாறி வந்த சமயம். அவருக்குக் கூடப் பொறந்தது ஒரே அக்கா, பூங்கொடின்னு. புருசன் லாரி ஓட்டறவன், ரோட்டுலயே போயிச் சேந்துட்டான். இவ கால் வெச்ச நேரந்தான்னு சொல்லி மாமியா ஊட்டுல கைப்புள்ளையோட அனுப்பிச்சுட்டாங்க. கல்யாண ஆல்பத்தைக் கேட்டதுக்குக்கூடத் தரலையாமா. தம்பி ஊட்டுல வந்து இருந்துச்சு. சும்மா சொல்லக்கூடாதுங்க, தம்பி நல்லா வெச்சிருந்தாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டறது, களத்துல பருப்புத் திருப்பறது, மில்லு ஆளுகளுக்குச் சோறாக்கறது, எல்லாம் அக்கா பொறுப்புதான். மொத்த ஊட்டையும் அது கையில ஒப்படைச்சிருந்தாரு.

உங்க பக்கம் இது உண்டான்னு தெரியலை. எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர்னு ஒண்ணு செய்வாங்க. மாப்பிள்ளையோட அக்காளோ தங்கச்சியோ அவனுக்குப் பக்கத்துல நின்னு செய்யற சீரு. எனக்குப் பொண்டாட்டி வந்தாலும் கூடப் பொறந்தவளைக் கைவுட மாட்டேன், அவளுக்கு இந்த ஊட்டுல உரிமை இருக்குதுன்னு ஊரறியக் காட்டறது. முக்கியமான சீருங்க, படத்துக்கும் நெம்ப நல்லா வரும். ஆனா தாலியறுத்தவ அதுல நிக்க முடியாதுங்களே. அதனால லோகநாதனுக்குப் பெரியப்பா மக, சாந்தாமணியம்மா, அக்கா ஸ்தானத்துல நின்னாங்க. பட்டுக்கட்டி, மூக்குத்தி மின்ன, ஜம்முனு இருந்தாங்க.

காலையில லோகநாதன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணா, அக்கா எந்தப் படத்துலயும் உளுந்துரக் கூடாது, பொண்ணு ஊட்டுக்காரங்க ஒரு மாதிரி. நீங்க பாத்துக்குங்க"ன்னாரு. சொல்றப்பவே அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நெம்ப இளகின மனசு. நான் பாத்துக்கறனுங்கன்னேன்.

பாத்துக்கறதுன்னா நீ வராதேன்னு மூஞ்சியிலடிச்ச மாதிரி சொல்றதுங்களா? நமக்கு அது வராது. "அம்மிணி, உங்க நெழலு மாப்பிள்ளை மேல உளுகுது, சித்தெ அக்கட்டால நில்லுங்க"ன்னேன். நின்னுச்சு. அப்பறம் இணைச்சீர் தொடங்கறப்ப, "அம்மிணி, கூட்டம் முட்டி லைட்டு ஸ்டேண்டு சாஞ்சுரும், அந்தத் தூணுகிட்ட அதைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க"ன்னேன். ஒரு கையில புள்ளையையும் ஒரு கையில ஸ்டேண்டையும் புடிச்சுட்டு, கடைசி வரைக்கும் நின்னுச்சு. தம்பி மேல வெளிச்சம் அன்னைக்கு அவ்வளவு அழகா உளுந்துச்சு. மனசு நோகாம ஒருத்தரைப் பிரேமுக்கு வெளிய நிறுத்தறது ஒரு வித்தைங்க. இப்பத்த பசங்களுக்கு வராது.

அடுத்த வருசம் அது போயிருச்சு. காய்ச்சலு. களத்துல பருப்புக் கிடக்குது, மானம் மூடிட்டு வருதுன்னு காய்ச்சலோட அள்ளிட்டு இருந்துச்சாமா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பவே பாதி உசுருதானாமா. பருப்பு ஒண்ணும் நனையலை.

கருமாதிக்கு முன்னால லோகநாதன் வந்தாரு. தாடியோட, பாக்கவே பரிதாபமா இருந்துச்சு. "அண்ணா, அக்காவுக்கு மாலை போட ஒரு படங்கூட இல்லீங்"ன்னாரு. ஓட்டுப் போடற அட்டையக் கொண்டாந்திருந்தாரு. அதுல அடுப்புக்கரியக் கரைச்சு ஊத்துன மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அவரே கேக்கறாரு, "கல்யாணத்துல அத்தனை படம் எடுத்தீங்களே, ஒண்ணுலயுமா அக்கா இல்லை?" நீங்கதானுங்களே வேண்டாம்னீங்கன்னு நான் சொல்லுவனா? எளவு உளுந்த மனுசன். அதுவுமில்லாம பெரிய கை. தேடிப் பாக்கறனுங்கன்னேன்.

தேடுனேன். இணைச்சீர்ப் படத்துல, எல்லாருக்கும் பின்னால, தூணோரமா ஒரு மூஞ்சி. என்ற சுண்டுவிரல் நகத்துல பாதி. அந்த லைட்டு ஸ்டேண்டைப் புடிச்சிருக்குதே, அதை வெச்சுத்தான் அதுன்னே தெரிஞ்சுது. உங்க மாமனாராச்சும் பரவால்லீங்க. அதைப் பெருசு பண்ணுனா நெத்தி எங்க முடியுது, தூணு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. தூணுக்கும் பழுப்பு, மூஞ்சிக்கும் பழுப்பு. கம்ப்யூட்டரு ரெண்டையும் ஒண்ணாச் சேத்துருச்சு. கிட்டக்கிட்ட இருக்கற நெம்பருக ஒரே மாதிரி இருந்தா, எடம் மிச்சம் பண்ணோணும்னு எல்லாத்தையும் ஒண்ணா ஆக்கிப் போடும். அதும்மேல தப்பில்லை.

ஆனா பாருங்க, அதே படத்துல நட்டநடுவுல சாந்தாமணியம்மா நிக்கறாங்க. கண்ணு ஒண்ணுக்கே ஆயிரக்கணக்குல நெம்பரு. ஒரே ரத்தம், பெரியப்பன் மக. பூங்கொடி நிக்க வேண்டிய எடத்துலதானே அவங்க நின்னாங்க? நான் எடுத்து வெச்சேன். கண்ணு, புருவம், மூக்கு, அப்பறம் வாயி. காது பூங்கொடியோடதுதான்னு நெனைக்கறேன். சாந்தாமணியம்மாளுக்கு நெத்தி நெறையக் குங்குமம். அதுக்கென்ன, பக்கத்துத் தோலு நெம்பரை அள்ளிப் பொட்டு மேல வெச்சுத் தேச்சேன். ரெண்டு தேய்ப்புல பொட்டுப் போயிருச்சு. மூக்குத்தி போச்சு. தோடு போச்சு. திருநீறு மட்டும் ஒரு கோடு இழுத்து உட்டேன்.

உடம்புக்குப் பஞ்சமில்லை, நம்மகிட்ட ரெடியா இருக்குது. பட்டுச்சேலை உடம்பு, கோட்டு உடம்பு, வேட்டி சட்டையில துண்டு போட்ட உடம்பு. தலைய மட்டும் மாத்தி வெச்சாப் போதும். வெள்ளைச் சேலை உடம்பு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஆரோ காலேஜு டீச்சரம்மா, கையில ஒரு பொஸ்தகம் வெச்சிருந்தாங்க. பூங்கொடிக்கு எதுக்குப் பொஸ்தகம்னு அதையும் அழிச்சுட்டேன். அழிச்சதுல கை சித்தெ சூம்புன மாதிரி ஆயிருச்சு, ஆனா மாலையில மறைஞ்சுரும். லோகநாதன் பாத்துட்டுக் கேவிக்கேவி அழுதாரு. "அக்கா அப்படியே இருக்குதுங்"ன்னாரு. வேலை அந்த மாதிரி.

மச்சத்தை மறந்துட்டனுங்க. அவ்வளவுதான் நான் பண்ணுனது. சாந்தாமணியம்மாளுக்கு எடது கண்ணுக்குக் கீழ எள்ளுப் போல ஒரு மச்சம். பொட்டை எடுத்தேன், மூக்குத்திய எடுத்தேன், அந்த எழவு மச்சத்தை உட்டுட்டேன்.

கருமாதி அன்னைக்கு நானும் போயிருந்தேன். படத்துக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, எலைபோட்டுப் படையலும் வெச்சாச்சு. சாந்தாமணியம்மா மூக்கைச் சிந்திட்டே கும்புட வந்தாங்க. நிமிந்து பாத்தாங்க. பாத்துட்டே இருந்தாங்க. அப்பறம் போட்டாங்க பாருங்க ஒரு கூப்பாடு. "ஏய்யா, எனக்குப் பொட்டழிச்சு மாலை போட்டு வெச்சிருக்கறீங்களா? என்ற புருசன் குத்துக்கல்லாட்ட நிக்கறப்பவே எனக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கறீங்களா?" அவங்க ஊட்டுக்காரரு படத்தையும் பொண்டாட்டியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, போயித் திருநீறை எடுத்துப் பூசிக்கிட்டாரு.

இந்தக் கூத்துல அந்தப் புள்ள, பூங்கொடி மக பிருந்தா, அப்ப ஒண்ணாவதோ ரெண்டாவதோ. அதை ஒருத்தரும் கண்டுக்கலை. அது படத்துக்கு முன்னால போயி நின்னு, மேலயும் கீழயும் பாத்துட்டு, "மாமா, இது எங்கம்மா இல்லீங். இது பெரியம்மா"ன்னுச்சு. ஏற்கெனவே சூடா இருந்தாரு லோகநாதன். "இனி இதுதாண்டி உங்கொம்மா. கும்புடு"ன்னாரு. அது கும்புடலை. கழுத்தைப் புடிச்சுக் குனிய வெச்சாரு. கும்புட்டுச்சு.

நான் அன்னைக்கே மச்சத்தை எடுத்து, கண்ணை ஒரு நூலளவு எறக்கி வெச்சு, புதுசாப் பிரிண்டு போட்டுக் குடுத்தேன். இன்னைக்கும் அவரு ஊட்டுல அதுதான் தொங்குது. சாமி கும்புடறாங்க, அமாவாசைக்குப் படைக்கறாங்க. ஆனா சாந்தாமணியம்மா அதோட சரி. மக கல்யாணம், மகன் கல்யாணம், அப்பறம் சீமந்தம், எல்லாத்துக்கும் காங்கயத்துல இருந்து எவனையோ கூட்டியாந்தாங்க. கண்ணெதுர என்ற கடையத் தாண்டிக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு பொடி மச்சம். அதுல மொத்தமா பத்துப் புள்ளி இருக்குமுங்களா? அதுக்கு இத்தனை பெரிய தண்டனை. நெனைச்சா வயிறெரியுது.

அதைக்கூட உடுங்க. தீந்துதுன்னு இருந்தப்ப, இப்ப அந்தப் புள்ள கெளம்பி வந்துருக்குது.

கோயமுத்தூர்ல கம்ப்யூட்டரு படிக்குது. போன வாரம் லீவுக்கு வந்துச்சு போல. இந்தக் கதவைத் தள்ளிட்டு உள்ள வந்து நின்னுச்சுங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சித்த நேரம் பூங்கொடியேதான் வந்துட்டாளோன்னு ஆயிருச்சு. அதே கண்ணு. அதே மாதிரி தலையச் சாச்சுட்டு நிக்கறது. அச்சு அசல். அன்னைக்கே இந்தப் புள்ள கண்ணை எடுத்து வெச்சிருந்தா வேலை சுளுவா முடிஞ்சிருக்கும், சாந்தாமணியம்மாளும் கடையை உட்டுப் போயிருக்க மாட்டாங்க. அப்பத் தோணலை பாருங்க.

மரியாதையாத்தான் பேசுச்சு. "சார், எங்க மாமா கல்யாணத்துல எங்கம்மாளையும் என்னையும் நீங்க ஒரு படம் எடுத்தீங்க. அது எனக்கு வேணுமுங்"ன்னுச்சு.

"அப்படி ஒண்ணும் இல்லையே கண்ணு. இணைச்சீர்ல தூரத்துல இருக்குது, அது வேணும்னா தர்றேன்."

"அது எங்கிட்ட இருக்குதுங். போன்ல வெச்சிருக்கறேன். மூஞ்சி தெரியாட்டியும் அது அம்மாதான். இது வேறைங் சார். எல்லாரும் பந்திக்குப் போன பொறவு எடுத்தீங்க, தூணுகிட்ட. அம்மாதான் கேட்டுச்சு, அண்ணா, என்னையும் புள்ளையையும் ஒண்ணே ஒண்ணு எடுத்துடுங்கன்னு. முந்தானையில என்ற மூஞ்சியத் தொடச்சு உட்டுச்சு. நீங்க சிரிங்கன்னீங்க. அம்மா சிரிச்சுச்சு. லைட் அடிச்சுது, எனக்குக் கண்ணு கூசிப் போச்சு. அம்மா சிரிச்சு நான் பாத்தது அதுதானுங் சார். அதனால எனக்கு மறக்கலை."

எனக்கும் ஞாபகம் வந்துருச்சு. இதைப் போயி உங்ககிட்ட சொல்றேன், வெளிய சொல்லாதீங்க, தொழில் ரகசியம். கல்யாணத்துல வர்றவன் போறவனெல்லாம் என்னை எடு, எம்புள்ளைய எடும்பான். எடுத்துட்டே இருந்தா ரோலுக்கு எங்க போறது? அதனால சிரிங்கன்னு சொல்லிட்டு, கேமராப் பட்டனை உட்டுட்டு, பிளாஷுக்குப் பின்னால ஒரு சின்னப் பட்டன் இருக்கும், அதை மட்டும் தட்டி உடுவோம். பளீர்னு அடிக்கும். அவங்களுக்குச் சந்தோசம், நமக்கு ரோலு மிச்சம். எல்லாருஞ் செய்யறதுதான். கார்டு வந்த பொறவும் கைப்பழக்கம் போகலை. அதுவுமில்லாம அந்தம்மிணி ஒரு படத்துலயும் உளுகக்கூடாதுன்னு காலையிலயே சொல்லியிருக்கறாங்க. வேலை வாங்கறவங்க சொன்னதை மீறலாமுங்களா? ஆனா கேட்ட ஆளை ஏமாத்தவும் மனசு வரலை. அதுக்குத்தான் வெளிச்சமாச்சும் அடிச்சு உட்டேன்.

அப்பறம் பூங்கொடியும் உடலீங்க. அந்தப் படம் என்னாச்சுங் அண்ணான்னு கடைக்கே வர ஆரம்பிச்சுருச்சு. மில்லுக்குச் சாமான் வாங்க வர்றப்பவெல்லாம் வந்துரும். இதோ, இந்தப் பெரிய லைட்டுக்குக் கீழதான் நிக்கும். பக்கத்துல ஸ்டூலு, பின்னால திரை, எல்லாம் இப்ப இருக்கற மாதிரியேதான். கேமரா இப்படி மேசை மேல இருக்கும். இன்னும் பிரிண்டு போடலை அம்மிணி, அடுத்த வாரம் வாங்கம்பேன். சரிங்ன்னு போயிரும். ஒருக்கா களத்துல இருந்து நேரா வந்துச்சு. கையெல்லாம் எண்ணெய். படத்தை வாங்கறதுக்குன்னு கையைச் சேலையில தொடச்சுத் தொடச்சுட்டு நின்னுச்சு. அடுத்த வாரம்னேன். அதுக்கப்பறம் வரலை. செத்துப் போயிருச்சுன்னு தகவல்தான் வந்துச்சு.

இதையெல்லாம் அந்தப் புள்ளகிட்டச் சொல்ல முடியுங்களா? மனசு ஒடஞ்சு போயிராது? எனக்கு அந்தளவுக்குக் கல்நெஞ்சு கிடையாதுங்க. "எடுத்தேன் கண்ணு, நல்லாத்தான் வந்துச்சு. உங்கம்மா நெம்ப அழகாச் சிரிச்சிருந்துச்சு. ஆனா டிஸ்க்குல எடமில்லைன்னு பழசையெல்லாம் அழிச்சுட்டேன்"னேன். இத்தோட போயிரும்னு பாத்தேன்.

அதுக்கு மூஞ்சி பூவா மலந்துருச்சுங்க. "அழிச்சாப் போகாதுங் சார்!" அப்படிங்குது. படிச்சிருக்குதல்ல. நாம அழிக்கறப்ப கம்ப்யூட்டரு படத்தோட பேரை மட்டுந்தான் அடிக்குமாமா. நெம்பரு பூராம் அங்கயே கிடக்குமாமா. அதுக்கு மேல வேற எதையாச்சும் எழுதற வரைக்கும் போகாதாமா. அது சொல்றது வாஸ்தவந்தான், எனக்கும் தெரியும். "பழைய டிஸ்க்கெல்லாம் குடுங்க சார், நான் பொறுக்கி எடுத்துக்கறேன்"னு கையெடுத்துக் கும்புடுது. இல்லைன்னு எப்படிச் சொல்றதுங்க?

நீங்களே சொல்லுங்க, கருப்புப் படம்னா கூடப் பூஜ்யம் பூஜ்யம்னு வரிசையா எழுதி வெச்சிருக்கும். பூஜ்யமும் ஒரு நெம்பருதானே. இது பூஜ்யங்கூட எழுதாத படம். அதைப் போயி எங்கன்னு பொறுக்கறது?

ஆனா தேடறதுல ஒரு ஆறுதல் இருக்குதுங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு புள்ள உக்காந்திருக்குதே, பாக்கலீங்களா? அதுதான். திரும்பிப் பாக்காதீங்க. ஏசி ரூமு, இங்க பேசறது கேக்காது. தினமும் பஸ்ஸேறி வந்துருது. சோறு தண்ணிகூடச் சரியாத் திங்கறதில்லை. பாதி அழிஞ்ச படமெல்லாம் கிடைக்குது, மேல பந்தலு, கீழ வெறும் சாம்பக்கலருன்னு. நேத்து அப்படி ஒண்ணு வந்துச்சு, ஒரு தூணும் ஒரு சேலைத் தலைப்பும். அம்மா, அம்மான்னு அந்தப் புள்ள அழுகுது, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அது மூலனூர்ல எடுத்த சீருங்க, ஆரோ ஒரு பொம்பளை. நான் ஒண்ணுஞ் சொல்லலை. அழுது முடிக்கட்டும்னு டீ வாங்கிக் குடுத்தேன். நமக்கும் ஒரு பக்கம் நல்லதுதான். கிடைச்ச கல்யாணத்தையெல்லாம் வருசவாரியா அடுக்கி, பேரு போட்டுத் தந்துருது. ஆள் வெச்சிருந்தாக்கூட இத்தனை சுத்தமாச் செய்ய மாட்டான்.

ஒரு நிமிசமுங்க, வருது.

என்ன கண்ணு? முடிஞ்சுதா? அதுலயும் இல்லையா? அட, அழுகாதே. இன்னொரு டிஸ்க்கு இருக்குது, மேல் அலமாரியில, அந்தப் பழைய கேமராப் பைக்குள்ள பாரு. ஆமா, அதேதான். உங்க மாமன் கல்யாணம் அதுல இருந்தாலும் இருக்கும். மேலாப்புல பாத்துட்டு இல்லைன்னு வந்துராதே. பொறுமையாத் தேடு கண்ணு, ஒரு அவசரமும் இல்லை.